ஊடுபுள்ளி, நாலில் நிறுத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்ன வகுப்புகளிலேயே கோடிங் சொல்லித்தர வேண்டுமா என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் இரண்டு பேர் எழுதியிருந்ததைப் படித்தேன். இப்போதே ஆரம்பிக்காவிட்டால் நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் காலத்தில் பின்தங்கிவிடுவார்கள் என்கிறார் ஒருவர். ஐ.டி. வேலையைக் காட்டி எட்டு வயதுப் பிள்ளையின் விளையாட்டைப் பறிக்காதீர்கள் என்கிறார் இன்னொருவர். இருவருக்கும் பிள்ளைகள்மேல் அக்கறை இருக்கிறது. ஆனால் கோடிங் என்றால் வேலைக்கான படிப்பு என்றுதான் இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். நான் மூன்று வருடமாக ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தருகிறேன். வகுப்பறையில் நான் பார்த்தது வேறு. கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் கணித ஆசிரியை. 21 வருட சர்வீஸ். படித்தது பி.எஸ்சி. கணிதம், பி.எட். கணினியை முறையாகப் படித்தவள் இல்லை. எங்களிடம் லேப்பும் கிடையாது. நான்கு மடிக்கணினிகள் இருக்கின்றன. மூன்று, எங்கள் பள்ளியில் எட்டாவது முடித்துப் போய், பன்னிரண்டாம் வகுப்பில் அரசு மடிக்கணினி வாங்கிய பழைய மாணவர்கள் தந்தவை. ஒன்றில் பேட்டரி போய்விட்டது, சார்ஜரைச் செருகியே ஓட்ட வேண்டும். நான்காவது என்னுடையது. வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை கடைசி பீரியடு. தலைமை ஆசிரியர் அனுமதித்ததால் நடக்கிறது.

முதல் ஐந்து வாரம் நான் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. கோலத்தில் ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரில் ஒரு பாட்டி இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குக் கோலம் சொல்லித்தரும்போது படம் வரைந்து காட்டுவதில்லை. "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலுல நிறுத்து" என்பார், அவ்வளவுதான். கேட்டவள் வாசலில் போய் நடுவரிசையில் ஏழு புள்ளி வைப்பாள். அடுத்த வரிசையில் இடைவெளிகளுக்கு நேராக ஆறு, அப்புறம் ஐந்து, அப்புறம் நாலு. நாலு வந்ததும் நிறுத்திவிட்டு, இதையே கீழ்ப்பக்கமும் செய்வாள். எதில் தொடங்குவது, எதைத் திரும்பத் திரும்பச் செய்வது, எப்போது நிறுத்துவது என்று மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. ஒரு நிரலுக்கு, அதாவது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளை வரிசைக்கு, வேண்டியதும் இந்த மூன்றுதான். ஏழாம் வகுப்புப் பெண்கள் பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே கையில் இருந்தது. மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். எண்ணிச் சொன்னவர்கள் உண்டு. ஒரு பெண் மட்டும், மேலே 15, கீழே 15, நடுவில் 7, ஆகமொத்தம் 37 என்று கூட்டிச் சொன்னாள். "பத்துப் புள்ளி, அஞ்சுல நிறுத்தினா?" என்று கேட்டதற்கு, பேனாவை எடுக்காமலே 80 என்றாள்.

கோலத்துக்கும் கணினிக்கும் நான் வலிந்து முடிச்சுப் போடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் சேர்ந்து, கோலங்களை உருவாக்கும் கணினி இலக்கணம், அதாவது கணினிக்கான விதிகள், பற்றி 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஐம்பது வருடமாக அது கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றிய நடுநிலைப் பள்ளி வாசலுக்கு வரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கோலத்துக்கு அடுத்து மனித இயந்திரம். ஒரு பையன் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பான். மற்றவர்கள் சொல்வதை மட்டும் செய்வான், சொல்லாததைச் செய்யமாட்டான். வகுப்பு வாசலிலிருந்து வேப்பமரம் வரை அவனைக் கொண்டுபோக வேண்டும். "நேரா போடா" என்றார்கள். அவன் சுவரில் முட்டும்வரை நடந்தான், ஏனென்றால் எத்தனை அடி என்று யாரும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் எல்லோரும் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். மனிதனிடம் பாதி சொன்னால் மீதியை அவனே ஊகித்துக்கொள்வான், இயந்திரம் ஊகிக்காது.

அப்புறம்தான் மடிக்கணினியைத் திறந்தோம். நான் பயன்படுத்துவது ஸ்கிராட்ச். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம். கலர் கலரான கட்டங்களை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோக்க வேண்டும், திரையில் ஒரு பூனை அதன்படி நடக்கும். அதற்கும் முன்னால் 1967-ல் சைமர் பேப்பர்ட், வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் லோகோ என்ற மொழியைச் சிறுவர்களுக்காகவே உருவாக்கினார்கள். அதில் பூனைக்குப் பதில் ஆமை. இவ்வளவு முன்னோக்கிப் போ, இவ்வளவு வலப்பக்கம் திரும்பு என்று ஆமைக்குச் சொன்னால் அது கோடு போட்டுக்கொண்டே போகும்.

ஒரு வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சதுரம் எல்லோருக்கும் வந்துவிட்டது. நூறு அடி போ, 90 பாகை திரும்பு, இதை நாலு தடவை செய். சரி, முக்கோணம் போடுங்கள் என்றேன். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று எல்லோருக்கும் மனப்பாடம். நான்கு குழுவும் 60 போட்டார்கள், மூன்று தடவை. பூனை நடந்தது. முக்கோணம் மூடவில்லை. உடைந்த வளையல் மாதிரி ஒரு பக்கம் திறந்தே நின்றது.

"டீச்சர், பூனை தப்பா போவுது" என்றான் ஒருவன்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் இந்த வகுப்பில் எனக்குக் கஷ்டமான வேலை. 21 வருடமாக விடையைப் பலகையில் எழுதிப் பழகிய கை இது. இரண்டு பிள்ளைகள் வெளியே போய்ச் சாக்பீஸால் தரையில் பெரிய முக்கோணம் போட்டார்கள். ஒருத்தி அதன்மேல் நடந்தாள். முதல் மூலையில் நின்றாள். "நேரா போனா வேப்பமரத்துக்குப் போவேன். இந்தக் கோட்டுக்கு வரணும்னா எவ்ளோ திரும்பணும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். திரும்பினாள். உள்ளே இருக்கும் 60-ஐவிட நிறையத் திரும்ப வேண்டியிருந்தது. மூன்று மூலையையும் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கு வந்து, ஆரம்பித்த திசையையே பார்த்து நின்றபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "ஒரு முழுச் சுத்து சுத்திட்டேன் டீச்சர். 360. மூணு மூலை. அப்போ 120!"

ஓடிப் போய் 120 போட்டார்கள். முக்கோணம் மூடியது.

அத்தோடு விடவில்லை. அப்படியானால் ஐந்து மூலைக்கு 72, ஆறு மூலைக்கு 60 என்று அவர்களாகவே கணக்குப் போட்டார்கள். ஆறு தடவை 60 போட்டதும் ஒரு பையன் கத்தினான்: "டேய், நாம மொதல்ல போட்டது தப்பே இல்ல, பாதி அறுகோணம்டா அது!" பலகோணத்தின் வெளிக்கோணங்களைக் கூட்டினால் 360 பாகை என்பதை நான் எத்தனையோ வருடம் விதியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். அதைக் காலால் நடந்து கண்டுபிடித்த பிள்ளையை அன்றுதான் பார்த்தேன்.

இதைத்தான் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். கணக்கு நோட்டில் தப்பு வந்தால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும், பிள்ளை நோட்டை மூடி வைத்துவிடும். நானும் போட்டிருக்கிறேன். பூனை தப்பாகப் போனால் அது திட்டுவதில்லை. சொன்னதைச் செய்து காட்டுகிறது, அவ்வளவுதான். எந்த வரியில் பிசகியது என்று பிள்ளை தானே தேடுகிறது. என் வகுப்பில் இரண்டு வருடமாகக் கணக்கில் வாயே திறக்காத ஒரு பையன், ஐந்து முனை நட்சத்திரத்துக்காக 17 தடவை எண்ணை மாற்றி மாற்றிப் போட்டான். 72 போட்டால் ஐங்கோணம்தான் வருகிறது. கடைசியில் 144-ல் நட்சத்திரம் வந்தது. ஏன் 144 என்று கேட்டேன். "ரெண்டு சுத்து சுத்துது டீச்சர். 720 பை அஞ்சு" என்றான். 17 தடவை தப்பு செய்தும் அவன் முகத்தில் பயமே இல்லை.

கோடிங் படித்தால் மூளை கூர்மையாகும், எல்லாப் பாடத்திலும் பிள்ளை முன்னேறும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அப்படிச் சொல்ல நான் தயாராக இல்லை. 1984-ல் ராய் பீ, மிடியன் கர்லண்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு வருடம் லோகோ கற்ற பிள்ளைகளையும் கற்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்வதில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிள்ளையைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனால் ஒன்றும் நடக்காது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பக்கத்தில் ஒரு ஆள் நின்று "ஏன் அப்படித் திரும்புச்சு?" என்று கேட்க வேண்டும். சாக்பீஸைக் கையில் கொடுத்து வெளியே அனுப்ப வேண்டும்.

அந்த ஆள் இல்லாத வகுப்பு எப்படி இருக்கும் என்பதை என் தம்பி வீட்டில் பார்த்தேன். அவன் மகன் சென்னையில் நான்காம் வகுப்பு. ஒரு நிறுவனம் ஆன்லைன் கோடிங் வகுப்பு என்று 40,000 ரூபாய்க்கு மேல் வாங்கியது, மாதத் தவணையில். போனிலேயே பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். சேர்க்காவிட்டால் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று என் தம்பி மனைவி பயந்துவிட்டாள். மூன்று மாதத்தில் பையன் ஒரு விளையாட்டுச் செயலியைச் "செய்து", சான்றிதழும் வாங்கினான். தீபாவளிக்கு வந்தபோது, இந்தப் பந்து ஏன் சுவரில் பட்டதும் திரும்புகிறது, கொஞ்சம் காட்டு கண்ணு என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. "மிஸ் காப்பி பண்ணச் சொன்னாங்க அத்தை" என்றான். பிள்ளைமேல் குறையே இல்லை. இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்து அந்தப் பந்தைப் பிரித்து மறுபடி அவனே கோத்தான். ஆனால் அந்தத் தவணையை என் தம்பி இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான். பயத்தைக் காட்டி விற்கும் இந்த வியாபாரம் எங்கள் பக்கத்துச் சிறு டவுன்களுக்கும் வந்துவிட்டது. பெற்றோர் தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியதற்கு வருகிறேன். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளில் கோடிங் வரும் என்கிறது. சி.பி.எஸ்.இ. 2021-ல் ஆறாம் வகுப்பிலிருந்து கொண்டுவந்துவிட்டது. அந்தக் கொள்கையை ஏற்பதா வேண்டாமா என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. கொண்டுவருவதென்றால் எந்த வரிசையில் கொண்டுவருவது என்பதுதான் என் கவலை. இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைக்கே கணினியியல் பாடம் கட்டாயம். சட்டம் முதலில் வந்தது. மூன்று வருடம் கழித்து 2017-ல் அந்நாட்டு அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி ஆய்வு செய்தபோது, பாடம் ஒரு பள்ளியில் நன்றாகவும் இன்னொரு பள்ளியில் பேருக்கும் நடக்கிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் ஆசிரியர் பயிற்சிக்கென்று தேசிய மையமும் அதற்குப் பெரிய நிதியும் வந்தன. அவ்வளவு வசதி உள்ள நாட்டிலேயே வரிசை மாறியதால் நான்கைந்து வருடம் வீணாயிற்று. நமக்கு அது வேண்டாம்.

நமக்கு என்ன வழி? பி.எட். கணினி அறிவியல் முடித்துவிட்டு வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். அவர்களை உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் நியமித்து, ஒவ்வொருவர் பொறுப்பிலும் சுற்றியுள்ள சில நடுநிலைப் பள்ளிகளை விடலாம். நடுநிலைப் பள்ளியில் பாடத்தை நடத்துவது என்னைப் போன்ற கணித, அறிவியல் ஆசிரியர்களாகவே இருக்கட்டும். எங்களுக்குப் பயிற்சி கொடுங்கள். ஆனால் வட்டார வள மையத்தில் ஒரு நாள் உட்கார வைத்து, திரையில் படம் காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பும் பயிற்சியால் பயனில்லை. முக்கோணம் மூடாமல் நாங்களே ஒரு மணி நேரம் திண்டாட வேண்டும். அப்போதுதான் பிள்ளை திண்டாடும்போது பொறுமையாக நிற்க முடியும்.

லேப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் நல்ல லேப் இருக்கிறது. கணினிவழித் தேர்வுக்கும், மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையப் பதிவுக்கும் திறப்பார்கள், மற்ற நேரம் பூட்டு. வாரம் இரண்டு மணி நேரம் எங்கள் பிள்ளைகளை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அவர்கள் பயமும் நியாயமானதுதான், அந்தக் கணினிகள் பதிவேட்டில் அவர்கள் பெயரில் இருக்கின்றன. ஒரு மவுஸ் உடைந்தால் தலைமை ஆசிரியர் சொந்தக் காசைப் போட வேண்டும் என்றிருக்கும்வரை லேப் திறக்காது. பழுதுக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி, பொறுப்பு தனி ஆள்மேல் விழாமல் ஓர் ஆணை வந்தால் போதும், சாவி தானாக வெளியே வரும்.

ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு மடிக்கணினி வேண்டவே வேண்டாம் என்பேன். எழுத்தும் எண்ணும் இன்னும் கைவராத பிள்ளைக்கு முதலில் அதுதான். பாண்டி ஆடும் கட்டத்திலேயே முன்னால் இரண்டு, வலப்பக்கம் ஒன்று என்று வழி சொல்ல வைக்கலாம். கோலப் புள்ளி வைக்கச் சொல்லலாம், பையன்களையும் சேர்த்து. நான்காம், ஐந்தாம் வகுப்பில் ஆர்வமுள்ள ஆசிரியர் இருந்தால் ஸ்கிராட்ச் ஜூனியர் என்று ஒன்று இருக்கிறது. அதன் கட்டளைகளில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம். ஆசிரியரின் கைக்கணினியிலேயே காட்டலாம்.

மொழியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள், ஆங்கிலம் தெரியாத பிள்ளை எப்படிச் செய்யும் என்று. எங்கள் பிள்ளைகள் மூவ், டர்ன், ரிப்பீட் என்ற மூன்று சொல்லை ஒரே வாரத்தில் பழகிவிட்டார்கள். பூனை தமிழில்தான் பேசுகிறது. எண்களைப் போட்டுவைக்கும் பெட்டிகளுக்குத் தமிழில்தான் பெயர் வைக்கிறார்கள். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய "எழில்" போல, முழுக்கத் தமிழிலேயே கட்டளை எழுதும் நிரல்மொழியும் நமக்கு இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். அவள் ஒரு நிரல் செய்தாள். பூனை "எத்தனை லிட்டர்?" என்று கேட்கும், பெருக்கி ரூபாய் சொல்லும். வீட்டில் காட்டினாள். அம்மா, "கொழுப்பு கொறஞ்சா வெல கொறைப்பாங்களே, அது எங்க?" என்று கேட்டாராம். அடுத்த வியாழக்கிழமை வந்ததும், "டீச்சர், கொழுப்பு கொறஞ்சா வேற கணக்குன்னு பூனைகிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள். "இப்படி இருந்தால் இதைச் செய்" என்ற கட்டளையை நான் இன்னும் நடத்தவே இல்லை. அவள் கேட்டதால் அன்று நடத்தினேன்.

நான்கு மடிக்கணினியில் 32 பிள்ளைகள் எப்படி என்று கேட்பீர்கள். பாதிப் பேர் தரையில், பாதிப் பேர் கணினியில், பாதி பீரியடில் மாறிக்கொள்வார்கள். கணினி ஒன்றுக்கு நாலு பேர். ஒருவர் மவுஸ் பிடிப்பார், ஒருவர் வழி சொல்வார், மற்ற இருவர் நோட்டில் எழுதிச் சரிபார்ப்பார்கள். வழி சொல்பவர் தொடக்கூடாது, தொடுபவர் தானாக எதையும் செய்யக்கூடாது. இந்த விதி இல்லாத முதல் மாதத்தில் மவுஸ் முழுக்கப் பையன்கள் கையில்தான் இருந்தது. பெண்கள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். அதை உடனே கவனிக்காமல் விட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கோடிங் வகுப்பு தொடங்கும் ஆசிரியர்கள் முதல் நாளே இதைப் பாருங்கள்.

இனி ஏ.ஐ.தான் நிரல் எழுதித் தரப்போகிறதே, பிள்ளைகளுக்கு எதற்கு என்றும் கேட்கிறார்கள். அதனிடமும் என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அது தந்தது சரியா என்று பார்க்கத் தெரிய வேண்டும். வேப்பமரத்துக்கு வழி சொல்லத் திண்டாடிய பிள்ளைகளுக்கு அது நன்றாகப் புரியும்.

பாடத்திட்டம் எழுதப்போகிறவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குத் தேர்வு வைக்காதீர்கள். தேர்வு வைத்தால் அடுத்த மாதமே கடையில் கைடு வரும், "முக்கோணத்திற்கு 120" என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், நானும் செய்ய வைப்பேன். வாரத்தில் ஒரு பீரியடு மட்டும் கால அட்டவணையில் எழுதிக் கொடுங்கள். இப்போது அது தலைமை ஆசிரியரின் நல்ல மனதில் நிற்கிறது. அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார்.

80 புள்ளி சொன்ன பெண்ணும் அவள் குழுவும் இப்போது ஏழு புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றைப் பூனையை வைத்துப் போடப் பார்க்கிறார்கள். கோடு எங்கும் அறுபடாமல் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வர வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டது. மேல் வளைவெல்லாம் சரியாக வருகிறது, இடப்பக்க மூலையில் மட்டும் பூனை வெளியே போய்விடுகிறது. ஏனென்று எனக்கும் இன்னும் பிடிபடவில்லை. அவளுடைய பாட்டியை இந்த வியாழக்கிழமை பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.